முதலில் வருவோர்



பழைய கல்லூரியொன்றின் விளையாட்டணிக்கு ஆள் சேர்ப்பது எளிது. மண்டபத்துச் சுவரிலே வெற்றிக் கேடயங்கள் வரிசையாகத் தொங்கும். முன்னாள் வீரர்களின் படங்கள் இருக்கும். தமையன் ஆடிய அணியில் தம்பியும் ஆட விரும்புவான். அழைப்பவர் அதிகம் பேசவேண்டியதில்லை. அந்தச் சுவரே அவருக்காகப் பேசிவிடும். ஆனால், இன்னும் ஓர் ஆட்டமேனும் ஆடாத அணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கேடயமும் இல்லை, படமும் இல்லை. அவ்வணிக்குப் பதினேழு வயதுப் பிள்ளையொன்றை எதைக் காட்டி அழைப்பது? அழைத்தபின் அப்பிள்ளைக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இதனை விளக்குவதற்கு, நம்மிற் பெரும்பாலோர் கண்டிராத விளையாட்டொன்றை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வழங்கும் அவ்விளையாட்டின் பெயர் லக்றோஸ்.

முதலில் ஆடும் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு தடியை ஏந்துவர். தடியின் தலைப்பிலே சிறு வலையொன்று பின்னப்பட்டிருக்கும். கெட்டியான றப்பர்ப் பந்தை அவ்வலையினால் ஏந்தவேண்டும். ஏந்திய பந்து விழுந்துவிடாதபடி, தொட்டிலை ஆட்டுவதுபோலத் தடியை ஆட்டிக்கொண்டே ஓடவேண்டும். தோழிக்கு எறிந்து, அவள் எறிவதை வாங்கி, ஈற்றில் 6 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள எதிரணியின் இலக்கினுள் பந்தைச் செலுத்தவேண்டும். இலக்கைக் காப்பவர் தவிர வேறெவரும் பந்தைக் கையாற் கையாளலாகாது. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிக்குப் பன்னிருவர். ஆண்கள் அணிக்குப் பதின்மர். நமது பாடசாலை மாணவியர் வலைப்பந்தாட்டத்திலே பந்தைப் பிடித்ததும் நின்று எறிவதைக் கண்டிருப்பீர்கள். இங்கே பந்தோடு ஓடலாம். ஆகவே, ஓட்டமும் கூரிய பார்வையும் தடியைக் கையாளும் பழக்கமும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன.

இவ்விளையாட்டை உண்டாக்கியோர் வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள். அவர்களுள் ஹொடினோஷோனி மக்கள் இதனைப் படைத்தவன் மகிழ்வதற்காக ஆடும் ஆட்டமென இன்றும் போற்றுகின்றனர். பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுப் பாதிரிமார் இதனைக் கண்டு எழுதி வைத்தனர். 1867இல் மொன்றியால் நகரத்துப் பல்வைத்தியரான வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் என்பவர் இதற்கு விதிகளை வகுத்தார். பெண்களிடையே இது பரவியதற்குக் காரணமானவர் ஒரு பாடசாலைத் தலைவி என்பதை அறியும்போது, ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது. ஸ்கொத்லாந்திலே சென் லெனாட்ஸ் என்னும் பெண்கள் பாடசாலையின் முதல் தலைவியாக இருந்தவர் லூயிசா லம்ஸ்டன். அவர் 1884இல் வட அமெரிக்காவிற் பிரயாணம் செய்தபொழுது இந்த ஆட்டத்தைக் கண்டு வியந்தார். 1890இல் அப்பாடசாலை மாணவியர் அதனை ஆடினர். அங்கே கற்ற றோசபெல் சின்கிளேர் 1926இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் அதனைத் தொடக்கிவைத்தார். பாருங்கள், இந்த வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் முதலிற் சேர்ந்த சிறு கூட்டமொன்று இருந்திருக்கிறது. அவர்களுக்கு முன் சென்று வழிகாட்டியவர் எவருமிலர்.

இனி, அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டிலே பல்கலைக்கழகம் புகுவோரைப் பரீட்சைப் புள்ளி தெரிந்தெடுக்கிறது. விளையாட்டு அதன்பின் வருவது. அமெரிக்காவிலோ விளையாட்டணியின் பயிற்றுநர் தாமே ஊரூராகச் சென்று, உயர்நிலைப் பாடசாலை மாணவரின் ஆட்டத்தைக் கண்டு, தமக்கு வேண்டியவரைக் கல்லூரிக்கு அழைக்கிறார். கல்லூரியின் அனுமதி விதிகளுக்கு உட்பட்டே அழைக்கவேண்டும். எனினும், பிள்ளை அந்தக் கல்லூரிக்கு வருவதா இல்லையா என்பதை அவர் சொல்லே பெரும்பாலும் முடிவுசெய்துவிடும். அங்கே பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். முதலாம் ஆண்டில் வந்து சேர்வோரை 'பிறெஷ்மன்' வகுப்பார் என்பர். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு வெளியேற, இன்னொரு வகுப்பு உள்ளே வரும். மூத்தோர் இளையோருக்குப் பழக்கத்தைக் கற்பிப்பர். பழைய அணிகள் தளராமல் நிற்பது இந்தத் தொடர்ச்சியினால். புதிய அணிக்கு இல்லாததும் இதுவே. அங்கே கற்பிக்க மூத்தோர் இலர்.

சிக்காகோ நகரத்துக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில், எவன்ஸ்டன் என்னும் ஊரில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1851இல் நிறுவப்பட்ட பழைய கலைக்கூடம் அது. பெண்கள் லக்றோஸ் அணியொன்றும் அங்கே இருந்தது. ஆனால் 1992ஆம் ஆண்டுடன் பல்கலைக்கழகம் அதனை நிறுத்திவிட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மாணவியர் தம் சொந்த ஊக்கத்தினால் ஒரு கழகமாகக் கூடி ஆடிவந்தனர். 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் பல்கலைக்கழகம் மீண்டும் தனது அணியைக் களத்தில் இறக்கியது. அவ்வணியை உருவாக்கும் பொறுப்பு கெலி அமொன்டி ஹிலர் என்னும் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. மேரிலாந்துப் பல்கலைக்கழக அணி 1995இலும் 1996இலும் தேசியப் பட்டம் வென்றபோது அதில் ஆடியவர் அவர். அமெரிக்க தேசிய அணியிலும் ஆடியவர். பொறுப்பை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவர் கையில் இருந்தவை எவை, இல்லாதவை எவை என்று எண்ணிப் பாருங்கள். நல்ல பல்கலைக்கழகமொன்றின் பெயர் இருந்தது. ஆயினும், அக்காலத்தில் இவ்விளையாட்டின் தாயகமாக விளங்கியவை மேரிலாந்து, நியூ யோர்க்கின் லோங் ஐலன்ட், பிலடெல்பியாவின் சுற்றுப்புறங்கள், மசச்சூசெற்ஸ் முதலிய கிழக்குப் பகுதிகள். தடியைச் சிறுவயதிலே கையிலெடுத்த பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேயே இருந்தனர். அவர்களுடைய கனவெல்லாம் பக்கத்திலுள்ள மேரிலாந்து, வேர்ஜீனியா, பிறின்ஸ்டன் முதலிய பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. அத்தகைய ஒருத்தியை வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், குளிர்காற்று வீசும் ஏரிக்கரைக்கு, இன்னும் பிறவாத அணியொன்றுக்கு வா என்று அழைக்கவேண்டும்.

பணத்தினாலும் எல்லாரையும் வரவழைக்க இயலாது. அக்காலத்து விதியின்படி, முதற்றரப் பிரிவிலுள்ள பெண்கள் லக்றோஸ் அணியொன்று 12 முழுப் புலமைப்பரிசில்களுக்கு மேல் வழங்கலாகாது. அவற்றையே சிறு சிறு பங்குகளாகப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கலாம். ஆகவே, அணியிற் சேர்ந்த பலருக்குக் கிடைப்பது கட்டணத்தில் ஒரு பகுதியே. (2025இல் இந்த முறை மாற்றப்பட்டு, பரிசிலுக்குப் பதிலாக அணியின் ஆட்தொகைக்கு வரம்பிடும் முறை வந்திருக்கிறது.)

இவ்வளவுக்கும் மேலாக, பெற்றோர் ஒருவர் நியாயமாகவே கேட்கக்கூடிய கேள்வியொன்றும் உண்டு. "ஒருமுறை இந்த அணியை நிறுத்தினீர்கள். என் மகள் அங்கு வந்தபின் மறுமுறையும் நிறுத்திவிட்டால், அவள் கதி என்ன?" இந்தக் கேள்விக்கு இனிப்பான விடை கிடையாது. படிப்பு நிலைக்கும், பட்டம் நிலைக்கும் என்று சொல்லலாம். அணி என்றும் நிலைக்கும் என்று எந்தப் பயிற்றுநரும் தம் சொல்லை மட்டும் கொண்டு உறுதியளிக்க இயலாது.

இத்தகைய நிலையிலே ஆள் தேடுவோர் எதைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும்? அணியின் நடு எலும்பை முதலில் அமைக்கவேண்டும் என்பது அனுபவசாலிகளின் முறை. இலக்கைக் காக்க ஒருத்தி வேண்டும். நடுக்களத்தில் ஓயாமல் ஓட ஒருத்தி வேண்டும். பின்னணியைக் கட்டியாள ஒருத்தி வேண்டும். அடுத்து, பிள்ளை பந்தை வைத்திருக்கும்போது என்ன செய்கிறாள் என்பதைப் பார்ப்பதிலும், பந்தை இழந்த மறுகணம் என்ன செய்கிறாள் என்பதைக் கூர்ந்து பார்க்கவேண்டும். நிலத்திலே உருளும் பந்துக்காக முதலில் ஓடுபவள் யார்? தவறவிட்ட தோழியைப் பார்த்து முகஞ் சுளிப்பவள் யார்? தட்டிக்கொடுப்பவள் யார்? வெற்றி அரிதாயிருக்கும் முதலாண்டில் அணியைத் தாங்குபவை இத்தகைய குணங்களே. வகுப்பறைப் புள்ளிகளையும் பார்க்கவேண்டும். பாடத்திலே தவறியவள் களத்தில் இறங்க முடியாது.

ஹிலர் அம்மையார் இன்னொன்றும் செய்தார். தேர்ந்த ஆட்டக்காரிகள் போதியளவு கிடைக்காதவிடத்து, தேர்ச்சி பெறத்தக்கவர்களைத் தேடினார். பல்கலைக்கழக வளாகத்திலேயே அவர் கண்ணிற் பட்ட இரட்டைச் சகோதரிகள் இருவர் உண்டு. நல்ல உடற்கட்டும் ஓட்டமும் உள்ளவர்கள். லக்றோஸ் தடியைப் பிடித்து ஆடியவர்களல்லர். அணிக்கு வரும்படி அவர்களை அவர் அழைத்தார். அவர்களும் வந்தனர். இந்தச் செய்தி அங்கே பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. கேட்போருக்கு வியப்பாயிருக்கும், ஆயினும் அதன் காரணத்தை ஆராய்ந்தால் வியப்பில்லை. கூடைப்பந்தாட்டத்திலே எதிரியை மறித்து நிற்கும் கால் வைப்பும், உதைபந்தாட்டத்திலே வெற்றிடம் பார்த்து ஓடும் பழக்கமும் இந்த ஆட்டத்துக்கும் உதவும். தடிப் பழக்கம் பிந்தியும் வரும். சுவரொன்றின் முன் நின்று பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஏந்தி, வலக்கையாலும் இடக்கையாலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை பழகினால் அது கைவரும். அதற்கு வேண்டியது பொறுமை. எவளிடம் அந்தப் பொறுமை உண்டென்று கண்டுகொள்வதே தெரிவுசெய்பவரின் திறமை.

எண்ணிக்கையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். புதிய அணிதானே என்று, இடம் முழுவதையும் முதலாம் ஆண்டு மாணவியரைக் கொண்டே நிரப்பிவிட்டால் என்னாகும்? நான்காண்டு கழிந்ததும் அனைவரும் ஒரே நாளிற் பட்டம் பெற்றுப் போய்விடுவர். அணி மறுபடியும் வெறுங்களமாகிவிடும். ஆகவே, ஏற்கெனவே கல்லூரியிலுள்ள மாணவியர் சிலரையும் சேர்த்து, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் இடம் ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை. உழவன் விளைநிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் அறுத்துவிட்டால், இடைக்காலத்தில் உலை வைப்பது எவ்வாறு? அதுபோன்றதே இதுவும்.

அன்றியும், அதுவரை கழகமாகக் கூடி ஆடியவர்களை மறந்துவிடலாகாது. உதவியின்றித் தம் செலவிலே ஆட்டத்தை அணையாமற் காத்தவர்கள் அவர்கள். புதிய அணி வரும்போது அவர்களுட் சிலருக்கு இடமில்லாமற் போகும். அதனை அவர்களிடம் நேரிலே, காலந்தாழ்த்தாமற் சொல்வதே முறை.

நோர்த்வெஸ்டர்ன் அணியின் கதை எவ்வாறு முடிந்தது? 2001ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே பல்கலைக்கழகம் புகுந்து, 2002இல் முதல் ஆட்டங்களை ஆடிய முதலாண்டு மாணவியர், 2005இல் நான்காம் ஆண்டுக்கு வந்தனர். அப்பருவத்தில் அணி 21 ஆட்டங்கள் ஆடியது, 21இலும் வென்றது. மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்திலே வேர்ஜீனியாவை 13க்கு 10 என வென்று தேசியப் பட்டத்தைப் பெற்றது. பெண்களுக்கான அந்தப் பட்டம் அதற்குமுன் கிழக்கு மாநிலங்களை விட்டு வெளியே சென்றதில்லை. புதிதாகத் தொடங்கிய நான்காம் பருவத்திலே அது மிச்சிகன் ஏரிக்கரைக்கு வந்தது. அதன்பின் 2009 வரை ஆண்டுதோறும், பின்னர் 2011, 2012, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வணியே வென்றது. வளாகத்திலே கண்டெடுக்கப்பட்ட அந்த இரட்டையரும் 2005ஆம் ஆண்டு அணியில் இருந்தனர்.

இக்கதையை இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் கேட்பதற்கு இனிமையாயிருக்கும். ஆனால் முழுவுண்மையாகாது. அதே ஏரியின் பெயரைத் தாங்கிய இன்னொரு பல்கலைக்கழகத்தையும் பார்ப்போம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் லக்றோஸ் கழகம் 2008, 2009, 2010 ஆகிய மூன்றாண்டுகளும் கழக அணிகளுக்கிடையே தேசிய வெற்றி பெற்றது. அந்தச் சிறப்பைக் கண்டு பல்கலைக்கழகம் அதனைத் தன் முழு அணியாக உயர்த்தியது. 2012இல் முதற்றரப் பிரிவில் ஆடத் தொடங்கியது. முதற் பருவத்தில் 14 ஆட்டங்கள், வென்றது ஒன்றே. கழகமாயிருந்தபோது வெற்றியே கண்டு பழகியவர்கள் பதின்மூன்று முறை தலைகுனிந்து களத்தை விட்டு வெளியேறினர். தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுகளுக்கு அவ்வணி முதன்முறையாகத் தகுதி பெற்றது 2023இல். இடையே பதினொரு ஆண்டுகள். 2011இல் அங்கு வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர் பட்டம் பெற்று, தொழில் பார்த்து, முப்பது வயதை எட்டிய பின்னரே அந்த நாள் வந்தது.

இவ்விரண்டு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டிலும் முதலில் வந்த பிள்ளைகள் ஏறத்தாழ ஒரேவகையான அழைப்பைக் கேட்டே வந்திருப்பர். ஒரு கூட்டத்தார் நான்காம் ஆண்டிலே பட்டத்தைக் கையிலேந்தினர். மற்றைக் கூட்டத்தார் தாம் நட்ட மரத்தின் காயைத் தாம் பறிக்கவில்லை. இவர்களுட் பின்னவரை அழைத்தது தவறா?

தவறென்று நான் கருதவில்லை. ஆனால், அழைப்பு உண்மையானதா என்பதை அறிவதற்கு அவர்கள் நிலையே உரைகல். வெற்றி வாராமலே போனாலும், வந்ததற்கு இழப்பில்லை என்று அப்பிள்ளை சொல்லக்கூடியதாய் இருந்தால், அந்த அழைப்பு நேர்மையானது. நல்ல படிப்பு, நாணயமுள்ள பயிற்றுநர், நெஞ்சறிந்த தோழர், தொடக்கத்திலிருந்து ஒன்றைக் கட்டியெழுப்பும் பழக்கம், இவை வெற்றி தோல்வியைப் பொறுத்தவையல்ல. இவற்றை அழைப்பவர் உறுதியாகக் கொடுக்க முடியும். கேடயத்தை உறுதியாகக் கொடுக்க முடியாது. கொடுக்கக் கூடியதைச் சொல்லி அழைப்பவரே நல்லாசான்.

அழைக்கும் அவசரத்திலே பெரியோர் எல்லை கடப்பதும் உண்டு. அமெரிக்க லக்றோஸ் உலகிலே சில காலம் முன்னர் அது நிகழ்ந்தது. ஒருவரையொருவர் முந்தவேண்டுமென்ற போட்டியினால், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே பயிற்றுநர் பேசி, வாய்மொழியாக இணக்கம் வாங்கினர். பதின்மூன்று பதினான்கு வயதுக் குழந்தை, எந்தப் பாடத்திலே தனக்கு விருப்பம் என்பதையும் அறியுமுன்னரே, எந்தப் பல்கலைக்கழகம் என்பதைச் சொல்லிவிட்டது. அந்த வாய்ச்சொல் இரு பக்கத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் குழந்தையின் மனம் கட்டுப்பட்டுவிடும் அன்றோ? இதனைக் கண்டு வருந்திய பயிற்றுநர்களே மாற்றம் வேண்டினர். அதன் பயனாக 2017இல் முதற்றரப் பிரிவு லக்றோஸுக்குப் புதிய விதி வந்தது. அதன்படி, பதினோராம் வகுப்பின் செப்டெம்பர் முதலாந் தேதிக்கு முன் பயிற்றுநர் எந்தப் பிள்ளையோடும் சேர்க்கை பற்றிப் பேசலாகாது. தம் கைகளுக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்ட அச்செயலைப் பாராட்டவேண்டும்.

புதிய அணிகளுக்கு இவ்விதி நன்மையே செய்தது என்பது என் கருத்து. பிள்ளைகளெல்லாம் பதின்மூன்று வயதிலேயே பழம்பெருங் கல்லூரிகளுக்குச் சொல் கொடுத்துவிட்டால், புதிதாக வருபவருக்கு மிஞ்சுவது யாது? பிள்ளைகள் சற்று வளர்ந்து, தம் உள்ளத்தைத் தாமே அறியத் தொடங்கும்போது, அவர்களுட் சிலர் கேடயச் சுவரை விட்டு வெறுஞ்சுவரைத் தெரிந்துகொள்ளவும் கூடும்.

2028இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெறும் ஒலிம்பிக்கில் லக்றோஸ் மீண்டும் இடம்பெற வேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. 1904இலும் 1908இலும் அது பதக்கத்துக்குரிய ஆட்டமாயிருந்தது. இதனால் மேலும் பல இடங்களிலே புதிய அணிகள் தோன்றலாம். அவ்வளவு இடங்களிலும் ஒரு பயிற்றுநர், எழுதப்படாத ஏடொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பெற்றோரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருப்பார். அவர் சொல்லும் சொல்லை நம்பி ஒரு பிள்ளை பெட்டியைக் கட்டும்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கும் நேயர்கள் புதிய முயற்சி ஒவ்வொன்றுக்கும் இளைஞரை அழைக்கின்றனர். சங்கமாகலாம், வாசிகசாலையாகலாம், விளையாட்டணியாகலாம். அழைக்குமுன், முதலில் வருவோருக்கு உறுதியாக எதைத் தரப்போகிறோம் என்பதை ஒரு தாளிலே எழுதிப் பார்ப்போம். அத்தாள் வெறுமையாயிருந்தால் அழைக்காதிருப்போம். அதில் இரண்டொரு வரியாவது உண்மையாக எழுத முடிந்தால், தயங்காமல் அழைப்போம். வருபவர்கள் வருவார்கள், அவர்களே பின்வருவோருக்கு மூத்தோராவர்.